பெற்றோர் கையெழுத்து

பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தை ஒரு துண்டுக் காகிதத்துடன் வீடு திரும்புகிறது. இன்ன தேதியில் தடுப்பூசி போடப்படும், பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியது என்று அதில் நாலே வரி. "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கப்பா ஊசி?" என்று அப்பத்தா ஆரம்பிக்கிறாள். தாயார் தகப்பனாரின் முகத்தைப் பார்க்கிறாள். தகப்பனாரோ தம் கைப்பேசியைப் பார்க்கிறார். அதில் ஏற்கனவே மூன்று பேர் மூன்று விதமாகப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கம்பத்திலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் இந்தக் காட்சியை அறியாத வீடு அபூர்வம் என்றே சொல்லலாம். கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? போடாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் விடமாட்டோம் என்பார்களா? அப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இருக்கலாமா? இவ்வாரம் இதைப் பற்றியே எழுத நினைக்கிறோம்.

2017-ஆம் வருஷத்துப் பிப்ரவரி மாதத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசியை, 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை எல்லோருக்கும் போடுவது என்று மத்திய சர்க்கார் தீர்மானித்தபோது, முதன் முதலில் அதைத் தொடங்கிய ராஜ்யங்களில் தமிழ்நாடும் ஒன்று. இங்கே மட்டும் சுமார் 1 கோடியே 76 லக்ஷம் குழந்தைகளுக்குப் போட வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கூடங்களிலேயே ஏற்பாடு. சுகாதார இலாகாவின் விளம்பரம் ஊர் வந்து சேருமுன் வாட்ஸப் வதந்தி வந்து சேர்ந்துவிட்டது! அந்நிய தேசத்தாரின் சதி என்றார்கள். பிற்காலத்தில் பிள்ளைப் பேறு இராது என்றார்கள். படிப்பில்லாதவர்கள்தான் இதையெல்லாம் நம்பினார்கள் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். சம்பளம் வாங்கும் தனியார் பள்ளிக்கூடங்களின் பெற்றோர்களிடையேதான் தயக்கம் மிகுதி என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அம்மாதத்துக்குள் முடிய வேண்டிய வேலையை மார்ச்சிலும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்நியச் சதி என்று பெயர் வாங்கிய அந்த மருந்து தயாரானது புனா நகரத்தில். சுதேசிச் சரக்கைக் கண்டு சுதேசிகளே மிரண்டோம்.

ஆனால் மிரண்டவர்களைப் பரிகாசம் செய்துவிட்டு நகர்ந்துவிட நமக்கு மனம் வரவில்லை. ஊசி எதற்கு, அதனால் என்ன நன்மை, என்ன தொந்தரவு என்று சாவகாசமாக எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. அவர்கள் சொல்ல வேண்டியதை நாம் கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறோம்.

தட்டம்மையை நம் ஜனங்கள் நன்றாய் அறிவார்கள். மணல்வாரி என்றும் சொல்வதுண்டு. வேப்பிலை கட்டி, பத்து நாள் பொறுத்து, தலைக்குத் தண்ணீர் விட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித் தீர்ந்தும் விடுகிறது. ஆனால் வைத்திய வசதி நிறைந்த தேசங்களிலேயே, தட்டம்மை கண்ட 20 குழந்தைகளில் ஒன்றுக்கு நிமோனியா வருகிறது. 1,000-க்கு ஒன்றுக்கு மூளை வீக்கம். 1,000-க்கு ஒன்று முதல் மூன்று வரை இறக்கின்றன. உடம்பில் சத்துக் குறைந்த குழந்தைகள் மிகுந்த இடங்களில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

ரூபெல்லாவின் கதை வேறு. அது கண்ட குழந்தைக்கு ஒன்றுமே ஆவதில்லை என்று கூடச் சொல்லலாம். லேசான சுரம், கொஞ்சம் தடிப்பு, மூன்று நாளில் விளையாடப் போய்விடும். 1941-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக் என்பவரிடம், பிறக்கும்போதே கண்ணில் புரை விழுந்த சிசுக்கள் ஒன்றன் பின் ஒன்றாய் வந்தன. தாய்மார்களை விசாரித்ததில், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த அற்ப நோய் கண்டிருந்தது தெரிய வந்தது. கண் மட்டுமல்ல, காது, இருதயம் எல்லாவற்றையும் இந்நோய் கருவிலேயே கெடுக்கிறது என்பது பிறகு ஸ்தாபிக்கப்பட்டது. தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டியதில்லை. தேனியிலிருந்து 75 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வைத்தியர்களும், பிறவிப் புரையோடு வந்த சிசுக்களை ஆராய்ந்து, ஒரு பகுதிக்கு ரூபெல்லாவே காரணம் என்று கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் குழந்தையின் புஜத்தில் போடும் ஊசி, பத்துப் பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு அவள் வயிற்றில் உதிக்கப்போகும் குழந்தைக்காகப் போடுவது. பிள்ளைப் பேற்றையே கெடுத்துவிடும் என்று வதந்தி கிளம்பியது இந்த ஊசியைப் பற்றித்தான்!

சரி, ஊசியால் தொந்தரவே இல்லையா? உண்டு. இல்லை என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். தட்டம்மை ஊசி போட்ட ஒரு வாரம் பத்து நாளில், 100-க்கு 5 முதல் 15 குழந்தைகளுக்குச் சுரம் வரும். ஒன்று இரண்டு வயதுக் குழந்தைகளில் சுமார் 3,000-க்கு ஒன்றுக்கு அந்தச் சுரத்தில் வலிப்பும் காணலாம். பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும். ஆனாலும் பின்னால் குறை எதுவும் நிற்பதில்லை. பள்ளி வயதில் இப்படிப்பட்ட வலிப்பு மிக அபூர்வம். 30,000, 40,000-த்துக்கு ஒன்றுக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, பெரும்பாலும் தானே சரியாகிறது. எந்தத் தடுப்பூசிக்கும் சுமார் 10 லக்ஷத்துக்கு ஒருவருக்கு உடம்பு முழுதும் ஒவ்வாமை கிளம்பி மூச்சு முட்டும். இது சில நிமிஷங்களில் நேர்வது. அட்ரினலின் மருந்து கையிலிருந்தால் காப்பாற்றிவிடலாம். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைப்பது இதற்காகவேதான். அந்த மருந்து இல்லாமல், வைத்தியர் இல்லாமல், வரிசையில் நிறுத்திக் குத்திவிட்டுப் போகிற முகாமில் தம் குழந்தைக்கு ஊசி வேண்டாமென்று ஒரு தகப்பனார் சொன்னால், அவரை யாரும் மூடர் என்று சொல்லக்கூடாது.

பள்ளிக்கூடத்துக்கென்றே ஒரு தொந்தரவு உண்டு. ஒரு பெண் ஊசியைக் கண்டு மயங்கி விழுவாள். அவளைப் பார்த்து அடுத்தவள். மாலைக்குள் பத்துப் பேர் ஆஸ்பத்திரியில். மறுநாள் ஊரெல்லாம் 'விஷ ஊசி' என்று பேச்சு. இது பாசாங்கு அல்ல. பயம் உடம்பில் செய்கிற உண்மையான வேலை. மருந்தின் வேலை அல்ல. காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி, ஒருவருக்குப் போடுவதை இன்னொருவர் பார்க்காதபடி ஒரு திரை கட்டி, போட்டதும் உட்கார வைத்தால் பாதித் தொல்லை தீரும். இதற்குப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. ஒரு பழைய வேஷ்டி போதும்.

நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்ப்பதில் நாம் மறந்துவிடுகிற ஒன்று, தராசுத் தட்டு எப்போதும் ஒரே நிலையில் நிற்பதில்லை என்பது. சித்திரை மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் சந்நிதிக்கு அக்கினிச் சட்டி ஏந்தி வரும் ஆயிரக்கணக்கான ஜனங்களைப் பார்க்கிறவர்களுக்கு, பெரியம்மை இந்த நாட்டை எப்படி ஆட்டி வைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அம்மைப்பால் வைக்க வந்தவரைக் கண்டு பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்து வைத்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்மைப்பால் சாதுவான மருந்தல்ல. முதல் தடவை குத்திக்கொண்டவர்களில் சுமார் 10 லக்ஷத்துக்கு ஒருவர் அதனாலேயே இறந்தார்கள். கண்டவர்களில் 10 பேருக்கு மூவரைக் கொண்டுபோன பெரியம்மை ஊரில் இருந்தவரையில் அந்த அபாயம் ஓர் அபாயமே அல்ல. நோய் விலகியதும் தராசு சாய்ந்தது. அமெரிக்காவில் 1972-லேயே குழந்தைகளுக்கு அம்மை குத்துவதை நிறுத்திவிட்டார்கள். பாரத தேசத்தில் 1975-இல் கடைசிப் பெரியம்மை. 1980-இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று பிரகடனம். இன்று அந்த ஊசி நம் பிள்ளைகளுக்கு இல்லை. கோவிட் காலத்திலும் இதே நியாயத்தைக் கண்டோம். ரத்தக் கட்டி என்னும் அபூர்வமான தீங்கு தெரிய வந்ததும், 2021-இல் பிரிட்டனில் அஸ்ட்ராஸெனகா ஊசியை முதியவர்களுக்குத் தொடர்ந்து போட்டு, 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேறு ஊசியைச் சிபாரிசு செய்தார்கள். அதே மருந்துதான். முதியவருக்கு நோயினால் வரக்கூடிய ஆபத்து பெரிது, இளைஞருக்குச் சிறிது.

ஆகையால் கேள்வி கேட்பவர்களைத் தேசத் துரோகிகள் போல் நடத்துவது நமக்குச் சம்மதமில்லை. கேட்டவர்கள் யார்? அம்மை குத்துவதை மகாத்மா காந்தி ஒப்புக்கொண்டதில்லை. ராஜாஜி 1955-இல், க்ஷயரோகத்துக்கான பி. ஸி. ஜி. ஊசியைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போட்டு வந்ததை எதிர்த்துப் பிரசாரம் செய்து, புத்தகமே வெளியிட்டார். அவருக்குப் பைத்தியம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1968-இல் தொடங்கிச் செங்கல்பட்டு ஜில்லாவில் லக்ஷக்கணக்கானவர்களை வைத்து அந்த ஊசியைச் சோதித்தபோது, பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தைத் தடுக்க அது உதவவில்லை என்று முடிவு வந்தது. ராஜாஜி பயந்தபடி அது விஷமாகவும் இருக்கவில்லை. சிசுக்களின் மூளையைத் தாக்கும் க்ஷயத்தை அது தடுப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறார்கள். ராஜாஜியின் பதில்களில் சில தவறு, கேள்வி தவறல்ல. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், மேடைப் பேச்சிலிருந்து அல்ல, பல வருஷம் பொறுமையாய்ச் செய்த ஒரு சோதனையிலிருந்து கிடைத்தது.

இனி நிர்ப்பந்தம் என்ற விஷயத்துக்கு வருவோம். ஊசிச் சீட்டு இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் அப்படித்தானே என்கிறார்கள். எல்லா ஊசிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது முதல் பிசகு. ரணஜன்னி மண்ணிலிருந்து காயத்தில் ஏறுவது. பக்கத்துப் பெஞ்சுக்குத் தாவாது. அதற்கு ஊசி போடாத பிள்ளை தனக்கே தீங்கு தேடிக்கொள்கிறான், பிறருக்கு இல்லை. தட்டம்மையோ, ஊசியும் முன் நோயும் இல்லாத கூட்டத்தில் ஒரு குழந்தையிடமிருந்து பன்னிரண்டு, பதினெட்டுக் குழந்தைகளுக்குப் போகும். 100-க்கு 95 பேருக்கு ஊசி இருந்தால்தான் ஊர் தப்பும். தொண்டை அடைப்பானும் ஒட்டுநோயே. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து மலப்புறம் ஜில்லாவில், ஒழிந்தது என்று நினைத்த அந்நோய் 2016-இல் திரும்பி வந்து, ஊசி சரிவரப் போடாத பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் ஊசியில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மருந்து சேர்ந்தே இருக்கிறது. ஒட்டுநோய்களின் விஷயத்தில் பள்ளிக்கூடம் கேள்வி கேட்க நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கேட்பது வேறு, வாசலில் தடுப்பது வேறு. கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன் எழுந்து பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது விளங்கும். குமுளிப் பாதையிலும் கம்பமெட்டுப் பாதையிலும் போடிமெட்டுப் பாதையிலும் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் ஸ்திரீகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாய் மலையேறுகின்றன. சில குடும்பங்கள் மாதக் கணக்கில் மேலேயே தங்கிவிடும். குழந்தை இங்கே பாதி, அங்கே பாதி படிக்கிறது. எந்த ஊசி எந்த ராஜ்யத்தில் போட்டது, அட்டை எந்தக் கூரையில் செருகியது என்று தாயாருக்கே ஞாபகமிராது. சீட்டுக் கொண்டுவா என்று சட்டம் செய்தால், வாட்ஸப் பார்த்து மறுக்கிற வசதியான வீட்டார் தெரிந்த டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்துவிடுவார். திரும்பிப் போகிறவள் ஏலத் தோட்டத்துக் கூலிக்காரியின் மகள். ஒரு நாள் திரும்பிப் போனவள் மறுநாள் வருவாள் என்று யார் ஜாமீன் கொடுப்பது? ஜீப்பில் இன்னொருத்திக்கு இடமிருக்கும்.

சுப்ரீம் கோர்ட்டும் 2022 மே 2-ஆம் தேதி, கோவிட் ஊசி சம்பந்தமான வழக்கில், எவரையும் பலவந்தமாக ஊசி போட்டுக்கொள்ளச் செய்யலாகாது, பொதுநலத்துக்காகக் கட்டுப்பாடு விதித்தால் அது அளவறிந்ததாய் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஊசிக்குப் பின் நேரும் தீங்குகளை ஜனங்கள் தெரிவிக்கவும் எல்லோரும் பார்க்கவும் வழி செய்யும்படியும் சொல்லியிருக்கிறது. பிற்பாதியைப் பற்றி அதிகம் பேர் பேசக் காணோம். பள்ளியில் சேரும்போது ஊசி விவரம் கேட்டு, விட்டுப்போனதை அங்கேயே போட ஏற்பாடு செய்யட்டும். ஊரில் தட்டம்மை கண்டால், போடாத பிள்ளைகளைச் சில வாரம் வீட்டில் இருக்கச் சொல்லட்டும். அதற்கு மேல் வாசற்கதவுக்கு வேலை இல்லை.

நிர்ப்பந்தத்தைப் போலவே அதீத ஜாக்கிரதைக்கும் விலை உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் 4 சிசுக்கள் இறந்தன. ராஜ்யமே திடுக்கிட்டது. அதற்குப் பிறகு கிராமம் கிராமமாய்ச் சென்று போடுவதை நிறுத்தி, வைத்தியர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே குழந்தையைக் கொண்டுவர வேண்டும் என்று செய்தார்கள். நியாயமான உத்தரவுதான். ஆனால் மலையடிவாரத்துக் குடிசையிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டியவள் யார்? தேசிய குடும்ப நல ஆய்வுகளின்படி, தமிழ்நாட்டில் ஊசிகள் எல்லாம் முழுமையாய்ப் போட்ட குழந்தைகள் 2005-06-இல் 100-க்கு 81, 2015-16-இல் 70. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க நம்மால் முடியவில்லை. 2019-21-இல் 89 ஆக ஏறியது தேறுதல்.

கையெழுத்து யாருடையது என்ற சங்கதி ஒன்று பாக்கி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச். பி. வி. ஊசியை 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போடுவதாக 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். 2020-ஆம் வருஷக் கணிப்பின்படி இந்நோய் பாரத தேசத்தில் 1,20,000-க்கு மேற்பட்ட ஸ்திரீகளுக்குக் கண்டு, சுமார் 77,000 பேரைக் கொண்டுபோயிற்று. நல்ல ஊசி, வரவேற்க வேண்டியதே. ஆனால் 2009-இல் இதே ஊசியை அன்றைய ஆந்திராவின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தில் வடோதராவிலும் பரீக்ஷார்த்தமாகப் போட்டார்கள். 7 பெண்கள் இறந்தார்கள். இறப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்றே விசாரணையில் கண்டார்கள். ஆயினும் 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. ஏன்? சம்மதப் பத்திரங்களைப் புரட்டியபோது, ஆந்திராவில் 2,700-க்கு மேற்பட்டவற்றில் கையெழுத்திட்டிருந்தவர்கள் பெற்றோர் அல்ல, ஹாஸ்டல் வார்டன்கள்! ஊசி நிரபராதி, கையெழுத்து குற்றவாளி. அந்த ஒரு குற்றத்தால் இத்தேசத்துப் பெண்களுக்கு அந்த ஊசி எத்தனையோ வருஷம் தள்ளிப்போயிற்று. ஜப்பானிலும் 2013-இல் பயம் கிளம்பிச் சர்க்கார் சிபாரிசை நிறுத்தியதில், 100-க்கு 70 பெண்கள் போட்டுக்கொண்டிருந்த நிலை மாறி ஒருவர்கூட அபூர்வம் என்றாயிற்று. மீண்டும் சிபாரிசு செய்ய 2022 ஆயிற்று.

தேனி ஜில்லாவில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் ஆதி திராவிடர் நலத்துறைக்கும் சேர்ந்த விடுதிகள் பல உண்டு. மலையில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் அவற்றில் தங்கிப் படிக்கிறார்கள். வார்டனின் பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தாயார் இருக்குமிடம் போடிமெட்டுக்கு மேலே. அந்தத் துண்டுக் காகிதத்தில் நாலு வரிக்குப் பதில் பதினாலு வரி இருக்கட்டும்: எந்த நோய்க்கு, எங்கே தயாரான மருந்து, எத்தனை பேருக்குச் சுரம் வரும், எப்படிப்பட்ட பிள்ளைக்குப் போடக்கூடாது, இரவில் ஏதேனும் நேர்ந்தால் எந்த டாக்டரைக் கூப்பிடுவது. அபூர்வமாய்த் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும்; பிரிட்டனில் 1979 முதல் அப்படிப்பட்ட குடும்பத்துக்குச் சர்க்காரே பணம் தருகிறது. பெற்றோர் கூட்டத்தைப் பகல் 11 மணிக்கு வைத்துக் காலிப் பெஞ்சுகளுக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை. ஜீப்புகள் அந்திக்கு மேல்தான் இறங்குகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரை வரவழைத்து, நாற்காலியில் உட்காரச் சொல்லி, அப்பத்தாமார்களைக் கேள்வி கேட்க விடட்டும். அவர்கள் கேட்பார்கள்.